நெரிசலுக்குள் மோட்டார் சைக்கிள்: எங்கே இடையால் போகலாம், எங்கே நிற்க வேண்டும்

காலை 7.15. பள்ளிக்கூட வான்களும் கந்தோருக்குப் போகிறவர்களும் சேர்ந்து யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரி வீதி இறுகிப்போய் நிற்கிறது. கார்க்காரர் காத்திருக்கத்தான் வேண்டும். மோட்டார் சைக்கிளில் இருப்பவருக்கு மட்டும் ஒரு வழி தெரிகிறது: நிற்கிற வாகனங்களின் வலப்பக்கத்துக்கும் வீதியின் நடுக்கோட்டுக்கும் இடையில் ஓர் ஒடுங்கிய கீற்று. அதற்குள்ளால் போகலாமா, என்ன வேகத்தில் போவது, எந்த இடத்தில் திரும்ப வரிசைக்குள் சேர்வது, எந்த இடத்தில் பேசாமல் நிற்பது என்பவற்றை இங்கே பார்ப்போம்.

'இடையால போறது', 'பூந்து போறது' என்று எங்கள் ஊரில் சொல்வது இரண்டு வேறு காரியங்களை. நிற்கிற அல்லது நடை வேகத்தில் ஊர்கிற வரிசையை ஆறுதலாகக் கடப்பது ஒன்று. 40, 50 கிலோமீற்றரில் ஓடிக்கொண்டிருக்கும் வாகனங்களுக்குள் இடமும் வலமுமாக வெட்டி வெட்டி ஓடுவது மற்றது. முதலாவதைப் பழகிக்கொள்ளலாம். இரண்டாவதற்குச் சரியான முறை என்று ஒன்றும் இல்லை. எவ்வளவு கைதேர்ந்தவர் ஓட்டினாலும், பக்கத்தில் போகிறவர் ஒரு முழம் விலகினால் போதும், தப்ப இடமிருக்காது.

சட்டத்தின் பக்கம்

1951 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டத்தில் 'மோட்டார் சைக்கிள் என்றால் இடையால் போகலாம்' என்று சலுகை தரும் தனி ஏற்பாடு கிடையாது. அதனால் மற்ற எல்லோருக்கும் உள்ள முந்தும் விதிகளே உங்களுக்கும். இடப்பக்கமாக ஓட வேண்டும், வலப்பக்கத்தால் முந்த வேண்டும். முன்னால் உள்ள வாகனம் வலப்பக்கம் திரும்பச் சிக்னல் போட்டு நடுக்கோட்டுப் பக்கம் ஒதுங்கியிருந்தால் மட்டும் அதன் இடப்பக்கத்தால் கடக்கலாம். பாதசாரிக் கடவை, சந்தி, வளைவு, புகையிரதக் கடவை ஆகிய இடங்களில் முந்தக் கூடாது. நடுக்கோடு முறியாத வெள்ளைக் கோடாக இருந்தால் அதைத் தாண்டக் கூடாது.

'நான் முந்தேல்லை, நிக்கிற வாகனத்தைத்தானே கடந்தனான்' என்று பொலிஸாரிடம் வாதாடுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த வாதத்தை நம்பி வண்டியை எடுக்காதீர்கள். நிற்கிற வரிசையைக் கடப்பதையும் முந்துவதாகவே எண்ணி ஓடினால், எந்தச் சந்தியில் மறித்தாலும் உங்களுக்குச் சொல்லப் பதில் இருக்கும். கோட்டைத் தாண்டாமல், வலப்பக்கத்தால், கடவையிலோ சந்தியிலோ இல்லாமல், அடுத்தவரைத் திடுக்கிட வைக்காமல் போயிருக்கிறீர்களா என்பதுதான் கேள்வி. கவனயீனமாக ஓட்டியது, மற்றவரைப் பொருட்படுத்தாமல் ஓட்டியது என்ற குற்றச்சாட்டுகள் வருவதும் இந்த இடங்களில்தான்.

வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்து வண்டி எடுக்கும் உறவுகளுக்கும் ஒரு சொல். அவுஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் 2014 ஜூலை முதல் இது சட்டபூர்வமானது. அங்கேயும் 30 கிலோமீற்றருக்கு மேல் போகக் கூடாது, முழு லைசன்ஸ் உள்ளவர்கள் மட்டும்தான் போகலாம், பள்ளிக்கூட வலயத்துக்குள் அது செல்லாது. பிரித்தானியாவில் கவனமாகவும் மெதுவாகவும் போனால் தடையில்லை. அங்கே கிடைத்த பழக்கத்தை அப்படியே கே.கே.எஸ். (காங்கேசன்துறை) வீதிக்குக் கொண்டுவர வேண்டாம். ஒரு பக்கத்துக்கு இரண்டு மூன்று நிரல்கள் உள்ள வீதியில், ஒரே திசையில் போகும் இரண்டு நிரல்களுக்கு நடுவால் போவது அது. எங்கள் வீதிகளில் பெரும்பாலும் ஒரு பக்கத்துக்கு ஒரே நிரல். உங்கள் வலது முழங்கைக்குப் பக்கத்தில் வருவது எதிர்த்திசை வாகனம்.

அகலக் கணக்கு

கண் மதிப்பை நம்பாமல் ஒருமுறை அளந்து பாருங்கள். வீட்டு முற்றத்தில் வண்டியை நிறுத்தி, ஹான்டிலின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நாடா பிடியுங்கள். ஸ்கூட்டர்களும் 150 சீசீ வண்டிகளும் பெரும்பாலும் 70 முதல் 80 சென்ரிமீற்றருக்குள் இருக்கும். பக்கக் கண்ணாடி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அதையும் சேர்க்க வேண்டும். ஹூக்கில் தொங்கும் மரக்கறிப் பை, பின்னால் கட்டிய பெட்டி, பிள்ளையின் புத்தகப்பை எல்லாம் இந்த அகலத்தைக் கூட்டும்.

இனி வீதி. ஒரு பக்கம் 3.5 மீற்றர் அகலம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கார் ஏறத்தாழ 1.7 மீற்றர். அது இடது விளிம்பிலிருந்து அரை மீற்றர் தள்ளி நின்றால் நடுக்கோடு வரை 1.3 மீற்றர் மிஞ்சும். 75 சென்ரிமீற்றர் ஹான்டிலுக்கு இருபக்கமும் ஒவ்வொரு சாண் கிடைக்கும், அதற்கு மேல் இல்லை. ஒரு சாண் இடைவெளி நடை வேகத்துக்கு மட்டும்தான் காணும். 15, 20 கிலோமீற்றரில் போக வேண்டுமென்றால் இரு பக்கமும் ஒவ்வொரு முழமாவது வேண்டும்.

பஸ் என்றால் கணக்கே வேறு. அதன் அகலம் ஏறத்தாழ 2.5 மீற்றர். விளிம்போடு ஒட்டி நின்றாலும் கோட்டுக்குள் உங்களுக்கு மிஞ்சுவது ஒரு மீற்றர் அளவில்தான், ஹான்டிலுக்கு இருபக்கமும் அரைச் சாண் அளவு. அதாவது ஒரு பஸ்ஸையோ டிப்பரையோ கோட்டைத் தாண்டாமல் பத்திரமாகக் கடக்க இடமே இல்லை. முறிந்த கோடாக இருந்து, எதிர்ப்பக்கம் நீண்ட தூரத்துக்கு வெறுமையாகத் தெரிந்தால் மட்டும் முறைப்படி சிக்னல் போட்டு முந்துங்கள். இல்லாவிட்டால் அதன் பின்னால் நில்லுங்கள், அதுவும் புகை முகத்தில் அடிக்காத தூரத்தில்.

கண்ணாடிகளின் உயரத்தையும் மனதில் வையுங்கள். காரின் பக்கக் கண்ணாடி உங்கள் ஹான்டில் உயரத்தில் இருக்கும், அங்கே தட்டுப்படுவது கை. ஹயஸ் வானின் கண்ணாடி இன்னும் மேலே, தோளுக்கு வரும். லொறியின் கண்ணாடிச் சட்டம் தலைக்கவசத்தில் அடிக்கும். கண்ணாடி மோதும் என்று பயந்து தங்கள் பக்கக் கண்ணாடியைக் கழற்றி விடுகிறவர்கள், பின்னால் இன்னொரு மோட்டார் சைக்கிள் அதே கீற்றுக்குள் வருவதைக் காணாமலே வலப்பக்கம் விலகுகிறார்கள். கண்ணாடியைக் கழற்றினால்தான் போகலாம் என்ற அளவுக்கு ஒடுங்கிய இடத்தால் போகவே வேண்டாம்.

வேகம்

வரிசை நிற்கிறது என்றால் நீங்கள் 15 கிலோமீற்றருக்குள். வரிசை ஊர்கிறது என்றால் அதைவிட 10, கூடினால் 15 கிலோமீற்றர் அதிகம். வரிசை 30ஐத் தொட்டவுடன் இடையால் போவதை விட்டு, வரிசைக்குள் ஒரு வாகனமாகச் சேர்ந்துவிடுங்கள். நகரத்துக்குள் 50 கிலோமீற்றர் வேக எல்லை என்பது வெறும் வீதிக்கு உரியது, நெரிசலுக்குள் அதை நினைக்கவே கூடாது.

ஏன் இப்படிக் கண்டிப்பாகச் சொல்கிறோம் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. ஆபத்தைக் கண்டு கை பிரேக்கைத் தொட ஒரு செக்கன் போகும் என்று வைப்போம். காய்ந்த தார் வீதியில் நல்ல ரயரோடு, 20 கிலோமீற்றரில் போகிற வண்டி நிற்க எல்லாமாக 8 மீற்றர் அளவு எடுக்கும், ஏறத்தாழ இரண்டு கார்களின் நீளம். 30 என்றால் 14 மீற்றர். 40 என்றால் 21 மீற்றர், அதாவது ஐந்து கார்கள். நெரிசலுக்குள் ஓர் ஆள் உங்கள் முன்னால் வெளிப்படுவது இரண்டு கார் தூரத்துக்குள்தான். அதற்குள் நிற்க முடியாத வேகத்தில் போனால் பிரேக் இருந்தும் பயனில்லை.

உள்ளே போகுமுன்

திரும்பி வரும் இடம் தெரியாமல் கீற்றுக்குள் போகக் கூடாது. வரிசையின் முன்னே பார்த்து, 'அந்த வெள்ளை வானுக்கு முன்னால் ஒரு வண்டி நிற்கக்கூடிய இடம் இருக்கிறது, அதுவரை போய் அங்கே சேர்வேன்' என்று முடிவெடுத்த பிறகே ஹான்டிலைத் திருப்புங்கள். மூன்று நான்கு வாகனம், ஒரு தங்கல். அடுத்த இடம் தெரிந்தால் அடுத்த மூன்று நான்கு வாகனம். இப்படித் துண்டு துண்டாகப் போகிறவர் எதிரே ஒரு மினிபஸ் வந்தால் ஒதுங்க இடம் வைத்திருப்பார். ஒரே மூச்சில் இருபது வாகனத்தைக் கடக்கப் போகிறவர், பஸ் வரும்போது எங்கே நிற்கிறாரோ அங்கேதான் மாட்டிக்கொள்வார்.

புறப்படுமுன் வலது கண்ணாடியைப் பார்த்து, பிறகு தோளுக்கு மேலாகவும் ஒருமுறை வடிவாகத் திரும்பிப் பாருங்கள். உங்களுக்குப் பின்னால் இருந்தவர் உங்களுக்கு முன்பே கிளம்பியிருப்பார். வலது சிக்னலைப் போடுங்கள், லோ பீமில் ஹெட்லைற் எரியட்டும். வரிசைக்குள் சேரும்போது இடது சிக்னல், சேர்ந்ததும் மறக்காமல் அதை நிறுத்துங்கள். விட்டுவிட்ட சிக்னலைப் பார்த்து ஒழுங்கைக்குள்ளால் வருகிறவர் 'இவர் திரும்பப் போகிறார்' என்று வெளியே எடுத்துவிடுவார்.

எதிரே வருகிறவர் லைற் அடித்தால் அதை 'வாங்கோ' என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். எங்கள் வீதிகளில் அது பெரும்பாலும் 'நான் வாறன், நில்' என்பதுதான்.

வரிசைக்குள் திறந்திருக்கும் இடம்

இடையால் போகிறவர்கள் விழுகிற முக்கியமான இடம் இது. பலாலி வீதியில் திருநெல்வேலிச் சந்தைப் பக்கம் வரிசை நிற்கிறது என்று வையுங்கள். எல்லா வாகனமும் முட்டிக்கொண்டு நிற்க, ஒரு லொறி மட்டும் முன்னால் இரண்டு பாகம் இடம் விட்டு நிற்கிறது. மோட்டார் சைக்கிளில் வருகிறவருக்கு அது திரும்பச் சேர நல்ல இடமாகத் தெரியும். ஆனால் அந்த லொறிக்காரர் ஏன் இடம் விட்டார்? இடப்பக்கத்து ஒழுங்கையிலிருந்து சைக்கிளில் ஓர் ஐயா, கரியரில் வாழைக்குலையோடு, வீதியைக் கடக்க நிற்கிறார். லொறிக்காரர் கையைக் காட்டி 'போங்கோ' என்கிறார். ஐயா லொறிக்காரரின் கையைத்தான் பார்க்கிறார், உங்களைப் பார்க்கவில்லை. லொறியின் உடம்பு அவரை முழுதாக மறைப்பதால் நீங்களும் அவரைக் காணவில்லை. சைக்கிளின் முன் சில்லு லொறிக்கு வெளியே தெரிகிற கணத்தில் உங்களுக்கும் அதற்கும் இடையே நாலு மீற்றர்தான் இருக்கும்.

ஆகவே நிற்கிற வரிசையில் காரணமில்லாத இடைவெளி ஒன்று தெரிந்தால், அது யாரோ ஒருவருக்காக விடப்பட்டது என்று எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு முந்திய வாகனத்தின் பின்பக்கத்துக்கு வரும்போதே நடை வேகத்துக்கு இறங்கி, கால் நிலத்தில் ஊன்ற ஆயத்தமாக, அந்த வாகனத்தின் மூக்கு வரை போய் எட்டிப் பாருங்கள். எதிர்த்திசையிலிருந்து வலப்பக்கமாக ஒழுங்கைக்குள் திரும்புகிற காருக்கும் இதே கதைதான். வரிசையில் நிற்கிறவர் அவருக்கு இடம் கொடுப்பார், அவர் நன்றி சொல்லிக்கொண்டே திருப்புவார், உங்கள் மேல் வருவார்.

பெற்றோல் நிலைய வாசல், கோயில் வாசல், பள்ளிக்கூடப் படலை, கடைகளுக்கு முன்னால் வாகனம் நிறுத்துமிடம் ஆகியவற்றிலும் அப்படியே. கே.கே.எஸ். வீதியில் யாழ் இந்துக் கல்லூரியடி காலை 7 மணியிலிருந்து 7.45 வரையும் பகல் 1.30க்குப் பிறகும் இடையால் போகிற இடமில்லை. பிள்ளைகள் வானுக்கு முன்னாலும் பின்னாலும் ஓடி வருவார்கள். அந்த நேரத்தில் வரிசையில் நில்லுங்கள்.

ஓட்டோவின் முன் சில்லு

ஓட்டோ திரும்பப் போகிறதா என்று சிக்னலைப் பார்த்து அறிய முடியாது. முன் சில்லைப் பாருங்கள். நிற்கிற ஓட்டோவின் முன் சில்லு வலப்பக்கம் கொஞ்சமாகத் திரும்பியிருந்தால் அவர் வரிசையை விட்டு வெளியே வரப் போகிறார், பெரும்பாலும் முழுதாகத் திரும்பிப் போகவே. சாரதியின் தலை பின்னால் திரும்பினாலும், வலது முழங்கை வெளியே வந்தாலும் அதே பொருள். ஒரு ஓட்டோ மிகக் குறைந்த இடத்திலேயே திரும்பிவிடும், அதனால் சாரதி முன்கூட்டி ஒதுங்கிக் காட்டாமலே திருப்பிவிடுவார். அந்த இடத்தில் ஒருமுறை சின்னதாக ஹோர்ன் அடித்து, அவர் கண் கண்ணாடியில் உங்களைச் சந்தித்த பிறகு போங்கள். நீட்டி அடிக்க வேண்டாம், திடுக்கிட்டவர் எந்தப் பக்கம் திருப்புவார் என்று சொல்ல ஏலாது.

கதவு

எங்கள் வாகனங்களில் சாரதி வலப்பக்கம் இருக்கிறார். நீங்கள் போகிற கீற்றுக்குள் திறப்பது அவருடைய கதவு. நெடுநேரம் நிற்கிற வரிசையில் 'என்ன நடக்குது' என்று எட்டிப் பார்க்கச் சாரதிகள் இறங்குவார்கள். திறந்த கதவு ஏறத்தாழ ஒரு மீற்றர் இடத்தை அடைத்துவிடும். கஸ்தூரியார் வீதியில் நகைக்கடைகளுக்கு முன்னால் நிறுத்தியிருக்கும் கார்களுக்கும் இது பொருந்தும். உள்ளே ஆள் இருக்கிற காரை ஒரு முழத்துக்குக் குறைந்த இடைவெளியில் கடக்க வேண்டி வந்தால், வேகம் ஒரு ஆள் நடக்கிற அளவுதான். பின் கண்ணாடியால் தலை தெரிகிறதா, உள் விளக்கு எரிகிறதா, பிரேக் லைற் இப்போதுதான் அணைந்ததா என்று பார்த்தால் கதவு திறக்குமுன்பே தெரிந்துவிடும்.

பஸ்ஸின் இடப்பக்கம்

பஸ்ஸின் இடப்பக்கத்தால் போகவே கூடாது. வாசல் அந்தப் பக்கம். தரிப்பிடம் வருமுன்பே மினிபஸ்ஸில் நடத்துநர் ஒரு காலை வெளியே விட்டுத் தொங்குவார், அம்மாக்கள் பையோடு இறங்குவார்கள், பின்னால் என்ன வருகிறது என்று யாரும் பார்ப்பதில்லை. சட்டப்படியும் அது இடப்பக்கத்தால் முந்தியதாகும். இன்னொரு பயமும் உண்டு. இடப்பக்கம் திரும்பும் பஸ், டிப்பர், உழவு இயந்திரப் பெட்டி எல்லாவற்றிலும் பின் சில்லு முன் சில்லின் தடத்தில் வராது, உட்பக்கமாக வெட்டி வரும். சந்தியில் அதன் இடப்பக்கத்தில் நிற்கிறவரை விளிம்போடு சேர்த்து நெரித்துவிடும்.

வீதி விளிம்பும் இடப்பக்கத்தை நம்ப விடாது. காப்பற் போட்ட பல வீதிகளில் தார் முடிகிற இடத்தில் நாலு விரல் பள்ளம், அதன் கீழே மணல். முன் சில்லு அதற்குள் இறங்கினால் சாய்வாகத் திரும்ப ஏற்ற முயலாதீர்கள். விளிம்பில் சில்லு உரசிச் சறுக்கி வண்டி வலப்பக்கம், வாகனங்களுக்குள் விழும். அக்சிலேற்றரை விட்டு, பின் பிரேக்கை மெதுவாகத் தொட்டு, நிறுத்திவிட்டு ஏறுங்கள்.

பெரிய வாகனத்துக்கு எந்த இடத்திலிருந்து உங்களைத் தெரியும் என்று அறிய ஒரு இலகுவான வழி: அதன் கண்ணாடியில் சாரதியின் முகத்தைத் தேடுங்கள். முகம் தெரியாவிட்டால் அவருக்கும் நீங்கள் தெரியமாட்டீர்கள். பஸ்ஸின் மூக்கோடு ஒட்டிப் போய் முன்னால் நிற்பதும் அப்படித்தான். உயரத்தில் இருக்கிறவருக்கு உங்கள் தலைக்கவசம்கூடத் தெரியாது. குறைந்தது மூன்று மீற்றர் முன்னால் தள்ளி நில்லுங்கள், அந்த இடம் இல்லை என்றால் பின்னால் நில்லுங்கள்.

புகையிரதக் கடவை

2014 ஒக்ரோபரில் யாழ்ப்பாணத்துக்கும் 2015 ஜனவரியில் காங்கேசன்துறைக்கும் ரயில் திரும்ப ஓடத் தொடங்கிய பிறகு, கொக்குவில், கோண்டாவில் பக்கங்களில் கடவை மூடும் நேரத்து நெரிசல் எங்கள் அன்றாடமாகிவிட்டது. கடவையில் முந்துவதற்குத் தடை இருப்பதால், வரிசையில் உங்கள் இடத்தில் நிற்பதே சரியானது. நடப்பது வேறு. தடுப்பு விழுந்ததும் மோட்டார் சைக்கிள்கள் ஒவ்வொன்றாக முன்னால் வந்து, இடப்பக்கம் நிரம்பியதும் வலப்பக்கத்தையும் நிரப்பிக்கொள்ளும். தண்டவாளத்துக்கு அந்தப் பக்கத்திலும் அதே காட்சி. தடுப்பு எழும்பும்போது இரண்டு பக்கமும் முழு வீதியையும் அடைத்துக்கொண்டு நேருக்கு நேர் நிற்கின்றன. தண்டவாளத்தின் நடுவில் பஸ் மாட்டி நிற்க, ஒருவரும் அசைய இடமில்லாமல் போவது இப்படித்தான். வலப்பக்கம் போய் நின்ற முதலாவது ஆள் மிச்சம் பிடித்தது அரை நிமிடம், எல்லோரும் இழந்தது ஐந்து நிமிடம்.

முன்னால் எத்தனை பேர் வலப்பக்கம் போனாலும் நீங்கள் நடுக்கோட்டைத் தாண்டாதீர்கள். தடுப்புக்குக் கீழால் குனிந்து போவது எந்த அவசரத்துக்கும் தகாது. கடக்கும்போது, மறுபக்கத்தில் உங்கள் வண்டி முழுதாக நிற்க இடம் தெரிந்த பிறகே தண்டவாளத்தில் ஏறுங்கள். இரும்பை நேர் செங்கோணத்தில் கடவுங்கள், அதன் மேல் பிரேக் பிடிக்க வேண்டாம். மழை பட்ட தண்டவாளம் சவர்க்காரம் போல இருக்கும்.

மழையும் இரவும்

ஐப்பசி, கார்த்திகை மழைக்கு வெள்ளைக் கோடுகளும் வழுக்கும். இடையால் போகிறவரின் சில்லு ஓடுவதே அந்தக் கோட்டை ஒட்டித்தான். கோட்டின் மேல் சில்லை வைக்காமல் போக இடமில்லை என்றால் போக வேண்டாம். வெள்ளம் நிற்கிற இடத்தில் எல்லா வாகனமும் நடுவுக்கு ஒதுங்கும், கீற்று இல்லாமல் போய்விடும். நீங்கள் ஒதுங்கினால் தண்ணீருக்குள் குழி எவ்வளவு என்று தெரியாது. இரவில் லைற் இல்லாத சைக்கிளும் கட்டாக்காலி மாடும் நடுவீதியில் நிற்கும், எதிர்லைற்றின் கூசலில் இரண்டையும் காணமாட்டீர்கள். நகரின் வெளிச்சமான பகுதிக்கு வெளியே இரவில் வரிசையோடு போவதுதான் எங்கள் அறிவுரை.

நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் கோயிலைச் சுற்றிய வீதிகள் மறிக்கப்படும். மாற்று வீதிகளில் நெரிசலைவிட நடந்து வருகிற சனம் அதிகம். அங்கே வண்டியைத் தள்ளி நிறுத்திவிட்டு நடப்பது கெதியான வழி.

கையும் வண்டியும்

இடையால் போவதில் விழுகிற பலர் வேகத்தால் விழுவதில்லை. மெதுவாக ஓட்டத் தெரியாமல், தடுமாறி, பக்கத்து வாகனத்தில் சாய்கிறார்கள். இதை வெறும் வளவில் பழகலாம். சிரட்டைகளை இரண்டு வரிசையாக, ஒரு மீற்றர் இடைவெளியில், 15 மீற்றர் நீளத்துக்கு அடுக்குங்கள். ஒரு பக்கத்தால் போய் மறுபக்கத்தால், காலை ஊன்றாமல், சிரட்டையில் முட்டாமல் வெளியே வர வேண்டும். எடுக்கும் நேரம் 10 செக்கனுக்குக் குறையக் கூடாது. முதலாம் நாள் ஐந்து செக்கனில் ஓடிவிடுவீர்கள், அது சரிவராது.

கியர் வண்டியென்றால் முதலாம் கியர், அக்சிலேற்றரை ஒரே அளவில் பிடித்து, கிளச்சை முழுதாக விடாமல் வண்டி இழுக்கத் தொடங்கும் புள்ளியில் கூட்டிக் குறைத்து வேகத்தை ஆளுங்கள். கூடவே வலது காலால் பின் பிரேக்கை மெல்லத் தொட்டபடி இருந்தால் வண்டி இறுகி நிமிர்ந்து நிற்கும். கிளச் இல்லாத ஸ்கூட்டரில் அக்சிலேற்றரை ஒரே அளவில் வைத்து இடது கைப் பின் பிரேக்கால் வேகத்தை அடக்க வேண்டும். அக்சிலேற்றரைத் திறந்து மூடி ஓட்டினால் ஸ்கூட்டர் குதித்துக் குதித்துப் போகும், நெரிசலில் அது கூடாது. பார்வை முன் சில்லில் இருக்கக் கூடாது, சிரட்டை வரிசையின் முடிவில் இருக்க வேண்டும். கண் எங்கேயோ வண்டி அங்கே போகும். பக்கத்துக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டு போகிறவர் அதில்தான் போய் முட்டுவார்.

ஹான்டில் திரும்பிய நிலையில் முன் பிரேக்கை இறுக்கிப் பிடிக்காதீர்கள். நடை வேகத்தில் வண்டி கீழே போகிறது என்றால் பெரும்பாலும் காரணம் அதுதான்: முன் சில்லு நின்றுவிட, உடம்பின் பாரம் திரும்பிய பக்கமாகச் சரிந்து, கால் ஊன்றுமுன் விழுந்துவிடும். முதலில் ஹான்டிலை நேராக்கி, பிறகு இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடியுங்கள்.

வண்டியில் மூன்று விசயத்தை வாரம் ஒருமுறை பாருங்கள். ரயர்க் காற்று: பல்சர் 150 போன்ற வண்டிக்கு முன் 25, பின் தனியே 28, ஆள் ஏற்றினால் 32 என்று இருக்கும். உங்கள் வண்டிக்கு என்ன அளவு என்பதை அதன் கையேட்டில் பாருங்கள். முன் ரயரில் காற்றுக் குறைந்தால் மெதுவாக ஓடும்போது ஹான்டில் பாரமாகி ஒரு பக்கம் இழுக்கும். அடுத்தது கிளச் கேபிள்: இழை பிரிந்திருந்தால் மாற்றுங்கள், நெரிசலுக்குள் அது அறுந்தால் முதலாம் கியரில் வண்டி முன்னால் உள்ள வாகனத்தில் போய் ஏறும். மூன்றாவது, முன்னும் பின்னும் எந்தப் பிரேக்கைத் தொட்டாலும் பிரேக் லைற் எரிகிறதா என்பது. சுவரில் வெளிச்சம் விழுகிறதா என்று பார்த்தால் போதும். நெடுநேரம் நின்றால் நியூட்ரலில் போடுங்கள். அரைக் கிளச்சில் பிடித்துக்கொண்டு நின்றால் கிளச் பிளேற் எரியும், கையும் களைக்கும்.

பின்னுக்கு ஆள் இருந்தால்

முழங்கால் வெளியே வரும், சேலைத் தலைப்பும் துப்பட்டாவும் பறக்கும், வண்டி நிற்க எடுக்கும் தூரமும் கூடும். ஒரு சாண் இடைவெளிக் கணக்கு இவர்களோடு செல்லாது. இரு பக்கமும் முழத்துக்குக் குறைந்தால் வரிசையில் நில்லுங்கள். தலைப்பைச் செருகச் சொல்லுங்கள், காலை மிதியில் வைக்கச் சொல்லுங்கள், வண்டி நிற்கும்போது காலை ஊன்ற வேண்டாம் என்றும் சொல்லுங்கள். தலைக்கவசம் இருவருக்கும் கட்டாயம், நாடா கட்டியிருக்க வேண்டும். பெற்றோல் டாங்கியில் பிள்ளையை இருத்தி இடையால் போவதைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். திடீரென்று பிரேக் பிடித்தால் உங்கள் நெஞ்சுக்கும் ஹான்டிலுக்கும் இடையில் நசுங்குவது பிள்ளை.

தட்டுப்பட்டால்

கண்ணாடியில் உரசினால் நிற்காமல் போகாதீர்கள். வரிசைக்குள் இடம் இருக்கும் இடத்தில் சேர்ந்து, ஓரமாக நிறுத்தி, திரும்பி நடந்து போய்ப் பாருங்கள். 'அண்ணை, என்ர பிழை, கண்ணாடி சரியோ பாருங்கோ' என்றால் பெரும்பாலும் அதோடு முடியும். உடைந்திருந்தால் இரண்டு வாகனத்தின் இலக்கத்தகட்டையும் நின்ற இடத்தையும் நடுக்கோடு தெரியும்படி படம் எடுத்து, காப்புறுதி விபரத்தைப் பரிமாறிக்கொள்ளுங்கள்.

ஆளுக்குக் காயம் என்றால் வண்டியை அப்படியே விட்டு, பின்னால் வருகிறவர்களை ஒருவர் கை காட்டி நிறுத்தட்டும். 1990க்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் காசில்லாமல் வரும், பொலிஸுக்கு 119. இடத்தைச் சொல்லும்போது வீதியின் பெயரோடு அருகிலுள்ள சந்தி, கோயில் அல்லது பள்ளிக்கூடத்தையும் சொல்லுங்கள், எந்தப் பக்கமாக வந்தால் நெரிசல் குறைவு என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். விழுந்தவரின் தலைக்கவசத்தை, மூச்சு எடுக்கக் கஷ்டப்பட்டாலொழிய, இழுத்துக் கழற்ற வேண்டாம். கழுத்தை அசைக்காமல், முகக் கண்ணாடியை மட்டும் தூக்கிவிட்டு, பெயரைக் கேட்டுப் பேச்சுக் கொடுத்தபடி அம்புலன்ஸ் வரும்வரை பக்கத்திலேயே இருங்கள்.